உன் மாமாவுக்கு உண்மையில் என்ன என்று கேட்டாயே

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன், அவசரமில்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டுப்போய், உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பா கல்லூரியில் பாடம் நடத்துகிற நேரம் போக மீதி நேரத்தில் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டிருக்கிறார், முதலில் சுட்டதைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம், இப்போது சுடுவது பரவாயில்லை, கத்தி இறங்குகிறது. கிளினிக்கில் கூட்டம் குறையவில்லை, நேற்று ஒரு நாயின் வயிற்றிலிருந்து காலுறை எடுத்தேன், ஜோடியில் இன்னொன்று எங்கே என்று அதன் சொந்தக்காரர் என்னிடமே கேட்கிறார், நான் என்ன சொல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ, மாமாவுக்கு உண்மையில் என்னம்மா என்று கேட்டாய், நான் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். யாரும் வரவில்லை. போனில் துண்டு துண்டாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை என்றுதான் அப்படிச் செய்தேன். பிறகு உன் மாமாவிடமே கேட்டேன், எழுதலாமா என்று. "எழுதுக்கா, ஒண்ணையும் மறைக்காதே, கண்டவன் சொல்லி அரைகுறையா தெரிஞ்சுக்கறதுக்கு நீ சொல்லி முழுசா தெரியட்டும்" என்றான். அதனால் முழுதாகவே எழுதுகிறேன். நம் வீட்டுக் கதை உனக்குத் தெரியாததில்லை, உன் தாத்தா இரண்டு முறை ஆட்சி நடத்தியவர், அவருடைய அண்ணன், உன் பெரிய தாத்தா, இன்றைக்கும் கட்சியைக் கையில் வைத்திருக்கிறவர், அந்த வீட்டில் பிறந்துவிட்டு நான் ஆடு மாடு பூனைகளிடம் ஓடித் தப்பித்தேன், என் தம்பி மாட்டிக்கொண்டான். தலை பாதி நரைத்த பிறகும் ஊருக்கு அவன் இன்னும் "சின்னவர்"தான். சின்னவர் எந்த மேடையில் ஏறினாலும் கூட்டம் நிற்கும், பேச்சு அப்படி. நானே அவன் பேச்சைக் கேட்டு வாய் பிளந்து நின்றிருக்கிறேன், நம்ம வீட்டில் சட்னிக்கு உப்பு போதுமா என்று கேட்டால் கூடப் பதில் சொல்லத் தயங்குகிறவனா இவன் என்று.

மழைக்காலம் தொடங்கின சமயம், ஒரு மத்தியான வேளையில் அவன் கிளினிக்குக்கு வந்தான். கார் இல்லை, கூட ஆட்கள் இல்லை, வாடகை வண்டியில் வந்து இறங்கி, டோக்கன் எடுத்துக்கொண்டு, கிளிக்கூண்டு வைத்திருந்த ஒரு அம்மாளுக்கும் சொறிநாய் பிடித்திருந்த ஒரு பெரியவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டான். வரவேற்பில் இருக்கிற பெண் புதுசு, செய்தியே பார்க்காதவள். அவன் முறை வந்ததும், என்ன பிராணி சார், நாயா பூனையா என்று கேட்டிருக்கிறாள். "ரெண்டும் இல்லம்மா, மனுஷன்தான், டாக்டரோட தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தான். என் அறையில் இருந்த ஒரே நாற்காலியில் தடுப்பூசிப் பெட்டிகள் கிடந்தன, அதனால் பிராணிகளைப் படுக்கவைக்கும் இரும்பு மேஜையின் மேலேயே ஏறி உட்கார்ந்தான். கால் தொங்குகிறது, கையில் ஒரு பை, பைக்குள் ஒரு சட்டையும் பல் துலக்கும் பிரஷும். நான் ஒன்றும் கேட்காமல் அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன், கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான். சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும், அவ்வளவு இளைத்திருந்தான். வலி மாத்திரைப் பழக்கத்தில் கண்மணி அப்படித்தான் சுருங்கும், அதனால் எந்த மாத்திரை என்று கேட்டேன். அதற்கு அவன், "உன் அத்தைக்காரி சொன்னது சரிதான், உங்க அக்கா ஒரு பார்வையில கண்டுபிடிச்சிடுவாங்கன்னா" என்றான். உன் அத்தைதான் அவனை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள், கட்சி ஆபீஸ் பக்கம் போனால் அவர்கள் மூடி மறைப்பார்கள், அக்கா வீட்டுக்குப் போனால் வழி பிறக்கும் என்று. (உனக்குத்தான் அவள் அத்தை, எனக்குத் தம்பி பெண்டாட்டி, அவன் பதற்றத்தில் முறையையே மாற்றிச் சொன்னான், அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், அந்த நிலைமையிலும்.)

எனக்கு அப்போது கோபம் வரவில்லை, இது எப்படி நடந்தது என்ற ஆச்சரியம்தான் வந்தது. அவன் சொன்னதைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் தேர்தல் பிரசாரத்தில் திறந்த வண்டியிலிருந்து விழுந்தானே, அப்போது முதுகுக்குக் கொடுத்த வலி மாத்திரை. முதுகு சில மாதங்களில் சரியாகிவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. வேறு யாராவது என்றால் டாக்டர் போதும் என்று சொல்லியிருப்பார், இவனுக்கு யார் சொல்வது. ஒரு டாக்டர் குறைக்கலாமே என்று இழுத்தால் அவனுடைய செயலாளர் அடுத்த டாக்டரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வருவார். "நம்ம வீட்டுப் பேரைச் சொன்னா எல்லாக் கதவும் திறக்கும்னு சொல்வாங்களே அக்கா, மருந்துக்கடைக் கதவும் திறந்துச்சு" என்றான். வலியே இல்லாத போது எதற்குப் போட்டாய் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விழுவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அவனுக்குள் ஒரு பாரம் இருந்திருக்கிறது, காலையில் எழுந்து சட்டை போடுவதற்கே ஒரு மூட்டையைத் தூக்குவது போல. மேடையில் பேசும்போது கைதட்டல் கேட்குமாம், ஆனால் பக்கத்து வீட்டில் டி.வி. ஓடுகிற மாதிரி கேட்குமாம், தனக்கில்லை என்பது போல. முதுகுக்கு மாத்திரை போட்ட முதல் நாள் அந்தப் பாரம் இறங்கினது. அப்புறம் யார் விடுவார்கள்.

உன் அறையைத்தான் அவனுக்கு ஒழித்துக்கொடுத்தேன், நீ ஒட்டிவைத்த வரைபடத்தைக் கிழிக்காமல் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் விட்டேன். மனநல டாக்டரம்மா ஒருவர் தன் கிழட்டு முயலை என்னிடம் கொண்டுவருவார், அவரிடம் கேட்டேன். திடீரென்று நிறுத்தக் கூடாது, வீட்டில் வைத்துச் சமாளிக்கவும் முடியாது, அழைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். இவன் மாட்டேன் என்றான். பெரிய தாத்தா மாநாட்டில் இவனைக் கட்சித் தலைவராக அறிவிக்கப் போகிறார், அது முடியட்டும், ஆஸ்பத்திரி வாசலில் கேமரா வந்து நின்றால் எல்லாம் போச்சு, நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று சாதித்தான். சில நாள் நன்றாகத்தான் இருந்தான், அப்பாவோடு சதுரங்கம் ஆடினான், அப்பாவும் வேண்டுமென்றே தோற்கிற ரகம் இல்லை, இரக்கமே இல்லாமல் ஜெயித்தார், அது இவனுக்குப் பிடித்திருந்தது, தன்னிடம் யாரும் ஜெயித்தே பல வருஷமாச்சு என்றான். சில நாள் அறைக் கதவு திறக்காது. நான் தட்டுவேன், எப்படி இருக்கு என்று கேட்கமாட்டேன், அது பதில் சொல்ல முடியாத கேள்வி என்று எனக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பாரம் எங்கே இருக்கு, தலையிலா நெஞ்சிலா என்று கேட்பேன். அதற்குப் பதில் வரும். ஒரு நாள், "முழங்கால்ல இருக்கு" என்றான். இன்னொரு நாள், "இன்னிக்கு அது ரூம் முழுக்க இருக்கு, நான்தான் எங்கேன்னு தெரியல" என்றான். கதவுக்கு இந்தப் பக்கம் டீயை வைத்துவிட்டு வந்தேன்.

கிளினிக்கில் பின்னால் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறதே, பெரிய பிராணிகளுக்கான மயக்க மருந்தும் வலி மருந்தும் பூட்டி வைக்கிற இடம், அதன் சாவியை அவன் வந்த அன்றைக்கே கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கிற இன்னொரு டாக்டரிடம் கொடுத்து விவரத்தையும் சொல்லிவிட்டேன், ஒளிக்கவில்லை. அவனுக்கும் அது தெரியும். ஒரு நாள் கன்றுக்குட்டி ஒன்றுக்குக் கால் கட்டிவிட்டு, கையைக் கழுவப் பின்பக்கம் போகிறேன், அவன் அந்த அலமாரியின் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். நான் ஓடிப்போய் இழுக்கவில்லை, பக்கத்தில் போய் நின்றேன். என்னடா நினைக்கிறாய் என்று கேட்டேன், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "கீல் பக்கம் நாலு திருகாணி இருக்கு. பூட்டைத் தொடவே வேண்டாம், அதைக் கழட்டினா போதும். உன் பெட்டியில ஸ்க்ரூடிரைவர் எங்க இருக்குன்னும் பாத்து வச்சிட்டேன்" என்றான். குரல் அமைதியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அப்புறம் கையை எடுத்துவிட்டு, "இதைச் செஞ்சா உன் லைசென்ஸ் போகும்னு தெரியும். தெரிஞ்சும் எண்ணிட்டிருக்கேன் பாரு. என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போக்கா, நான் மனசு மாறதுக்குள்ள" என்றான். நான் மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை, கன்றுக்குட்டியின் ரோமத்தோடேயே டாக்டரம்மாவிடம் போக வண்டியை எடுத்தேன். வழியில் சிக்னலில் நின்றபோது, பக்கத்துக் காரிலிருந்து யாரோ அவனைப் பார்த்துக் கையசைக்க, இவன் பழக்கத்தில் கும்பிட்டுச் சிரித்தான், கண்ணாடியை ஏற்றியதும் அந்தச் சிரிப்பு விளக்கை அணைத்த மாதிரி போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு நான் சிக்னல் மாறினது தெரியாமல் நின்றேன், பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டார். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி மனச்சோர்வு இருந்ததுண்டா என்று கேட்டபோது நானும் அவனும் ஒரே குரலில் இல்லை என்றோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது உன் தாத்தா சில சமயம் வாரக்கணக்கில் மாடி அறையை விட்டு இறங்கமாட்டார், சத்தம் போடாதீர்கள், அப்பா எழுதுகிறார் என்பார்கள். சாப்பாட்டுத் தட்டு வாசலில் இருக்கும், அப்படியே திரும்பி வரும். என்ன எழுதினார்? அவர் போய் இத்தனை வருஷத்தில், அவர் பேச்சையெல்லாம் புத்தகமாகப் போட்டுவிட்டார்கள், அந்த அறையில் எழுதினது மட்டும் எங்கே? இந்தக் கேள்வி இவ்வளவு நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதும் ஆச்சரியம்தான்.

மறுநாளே பெரிய தாத்தா வந்துவிட்டார், செயலாளருக்கு மூக்கில் வியர்த்து, அவரிடம் சொல்லியிருக்கிறார். வந்து கூடத்தில் உட்கார்ந்து, கைத்தடியை இரண்டு காலுக்கும் நடுவில் ஊன்றிக்கொண்டு, மாநாடு வரைக்கும் முதுகு வலி, ஓய்வு என்று சொல்லிச் சமாளிப்போம், அப்புறம் வெளியூரில் ரகசியமாக வைத்தியம் பார்ப்போம் என்றார். தம்பி எதிரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான், பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தவன் மாதிரி. பெரிய தாத்தா அவனைப் பார்த்து, "நம்ம வீட்டுல யாருக்கும் இப்படி வந்ததே இல்ல, உனக்கு மட்டும் என்ன குறைச்சல்" என்றார். நான் அப்போதுதான் கேட்டேன். பெரியப்பா, அப்பா மாடி அறையில் என்ன எழுதினார், எனக்கு அதைப் பார்க்கணும் என்றேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை, சத்தியமாக எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உன் அப்பா சமையலறையிலிருந்து ரொட்டித் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெரிய தாத்தா, "எழுதல. ஒரு வரி எழுதல. செவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பான். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன், ஏதாவது பண்ணிக்கிடுவானோன்னு" என்றார். யாரிடமும் சொன்னதில்லை என்றார். அவருக்கும் வயசாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தம்பி தலையை நிமிர்த்தி, "அப்பாவுக்கா? அப்பாவுக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு அழுதான், அழுகையோடேயே, "நான் மட்டும்தான் இந்த வீட்டுல பழுதுன்னு நெனச்சேன் பெரியப்பா, என் வாழ்க்கை பூரா" என்றான். பெரிய தாத்தா எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாநாட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீ செய்தியில் பார்த்தாய். கட்சி ஆபீஸில் பின்பக்கம் இருக்கிற சின்ன அறை, மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும், பத்திரிகைக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறை. நானும் உன் அத்தையும் சுவரோரமாக நின்றோம். எழுதிக்கொடுத்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அவனாகவே பேசினான், மேடைப் பேச்சு இல்லை, சட்னிக்கு உப்பு கேட்டால் பேசுவானே அந்தக் குரல். "எனக்கு மாத்திரைப் பழக்கம் இருக்கு. அதுக்கு ரொம்ப முன்னாடியே மனச்சோர்வு இருக்கு. ஆஸ்பத்திரியில சேர்ந்து வைத்தியம் பாத்துக்கப் போறேன். தலைவர் பதவி எனக்கு வேண்டாம், இப்போ நான் தாங்கமாட்டேன்" என்றான். உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு என்ன பதில் என்று ஒருவர் கேட்டார். "தொகுதி ஆபீஸ் திறந்துதான் இருக்கும், தண்ணி வரலைன்னா, ரோடு போடலைன்னா அங்க வந்து சொல்லுங்க. நான் திரும்பி வந்ததும் என்னைத் திட்டணும்னு நினைக்கிறவங்க நேரா வந்து திட்டலாம், வீட்டுல இருப்பேன்" என்றான். ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் "மாத்திரைத் தலைவர்" என்று பேர் வைத்துவிட்டார்கள், அதுவும் ஓடுகிறது, பொய் சொல்வானேன். ஆனால் அதே எதிர்க்கட்சியில் இவனைச் சட்டசபையில் கிழிகிழியென்று கிழிக்கிற அந்த அம்மா இருக்கிறாரே, அவர் போன் பண்ணி, என் அண்ணனை இதில்தான் பறிகொடுத்தேன், நீங்க பிழைச்சு வந்து என்கிட்ட மறுபடியும் திட்டு வாங்குங்க என்றாராம்.

சிகிச்சை நிலையத்தில் முதல் நாட்கள் கொடுமை, குளிர் காய்ச்சல் மாதிரி நடுக்கம், கால் தானாக உதறும், தண்ணீர் கூட நிற்காது. அப்புறம் மெல்லத் தேறினான். அங்கே எல்லாரும் முறை போட்டுப் பாத்திரம் தேய்க்க வேண்டும், கூட இருந்த பஸ் டிரைவர் ஒருவர், "தலைவரே, அடிப்பிடிச்ச சட்டி உங்க தொகுதி" என்று கிண்டல் பண்ணுவாராம். திரும்பி வந்தபிறகு ஒரு தடவை சறுக்கினான், அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கோட்டுப் பையில் ஒரு மாத்திரை அட்டை கிடைத்திருக்கிறது, இரண்டு போட்டுவிட்டு, மீதியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணு என்றான். நான் இடிந்துபோனேன், டாக்டரம்மாவோ, கொண்டுவந்து கொடுத்தார் இல்லையா, அதைப் பாருங்கள் என்றார். இப்போது உன் அத்தையோடு அவன் வீட்டில் இருக்கிறான், சபைக்குப் போகிறான், போன வாரம் வடிகால் பற்றிக் கால் மணி நேரம் பேசினான், யாரும் கைதட்டவில்லை, அவனுக்கு அது போதுமாக இருந்தது. எழ முடியாத காலைகள் இன்னும் வருகின்றன. வரும் என்றுதான் டாக்டரம்மாவும் சொல்கிறார்.

இவ்வளவு நீளமாக ஏன் எழுதினேன் என்று கேட்பாய். பெரிய தாத்தா சொன்னதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர், "இது குடும்பத்துல தொடரலாம், தொடர்ந்தே ஆகணும்னு இல்ல, ஆனா பிள்ளைங்களுக்குச் சொல்லி வைங்க" என்றார். நீ ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுக்கையை விட்டே எழவில்லை, சும்மா சோம்பல் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அடுத்த மாதமும் அதையே சொன்னாய். விடுமுறை என்றால் எங்களுக்கு முன்னால் எழுந்து அலமாரியெல்லாம் கலைத்துப் போட்டு வீட்டை இரண்டாக்குகிறவள் நீ. சோம்பலாகவே இருக்கலாம், வேலைக் களைப்பாகவும் இருக்கலாம், நான் பயந்து கேட்கவில்லை, எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் கிடக்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது? எங்கே இருக்கிறது? "நல்லாத்தான் இருக்கேம்மா" என்று மட்டும் எழுதாதே, நம் வீட்டில் உன் தாத்தா காலத்திலிருந்து எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எதுவானாலும் சொல், நான் புறப்பட்டு வருகிறேன், கிளினிக்கை இன்னொரு டாக்டர் பார்த்துக்கொள்வார், காலுறை தின்கிற நாய்கள் காத்திருக்கும்.

நீ நீண்ட ஆயுளோடு, மன நிறைவோடு, நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டு வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் உன்னை நெஞ்சார வாழ்த்துகிறோம். மாமாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னான். இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப் போடாதே. மறக்காமல், நான் கேட்டதற்கு நிதானமாகப் பதில் எழுது, எத்தனை பக்கமானாலும் படிப்பேன், ஒரு பக்கமும் எழுத வரவில்லை என்றால் போன் பண்ணிப் பேசாமல் இரு, நான் இந்தப் பக்கம் இருப்பேன்.

அன்பு மாறாத உன்
அம்மா